பச்சை டேப் ஒட்டிய போத்தல்

மகளே,

ஜப்பான் வேலைக்குக் கிளம்பும் உன் பெட்டியில் இனி ஒரு பொருளையும் வைக்கக் கூடாது என்று நீ உத்தரவு போட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று மாலை கூடத்தில் தராசை வைத்து அந்தப் பெட்டியை நான்கு முறை நிறுத்துப் பார்த்தாய். ஒவ்வொரு முறையும் நான் வைத்தது ஏதாவது ஒன்று வெளியே வந்தது. முதலில் நெத்திலி சம்பல், அடுத்து கறித்தூள் பொட்டலம் இரண்டு, கடைசியாக முறுக்கு டின். "ஒசாகாவுல சாப்பாடே கிடைக்காதாப்பா?" என்று கேட்டாய். "கிடைக்கும்மா, ஆனா நம்ம ருசி..." என்று இழுத்தேன். "அப்போ விடுங்க லா" என்று ஜிப்பை இழுத்து மூடிவிட்டாய். சோபாவில் உட்கார்ந்திருந்த உன் அம்மா சிரித்துக்கொண்டே, "அப்பா கை சும்மா இருக்காது. அதுக்குத் தனியா ஒரு ஆபரேஷன் பண்ணணும்" என்றாள். நியாயமான பேச்சு. அந்தக் கையால் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாலைந்து தாள்தான். பெட்டியின் வெளிப்பையில் வைத்தால் உன் தராசுக்குத் தெரியாது.

நம் தாமான் குடியிருப்பாளர் சங்கம் இந்த ஆண்டு ஒரு சிறப்பு மலர் போடுகிறது என்று உனக்குத் தெரியும். தம்போயில் நம் வரிசை வீடுகளிலிருந்து டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பிள்ளை நீ என்பதால் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரெண்டு மூனு பக்கம் போதும். மகளுக்கு அப்பா எழுதற கடிதம் மாதிரி. பெருமையா எழுதுங்க, நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, 'என் மகள் சிறு வயதிலிருந்தே' என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் உன் படிப்பைப் பற்றி எழுதினால், மூன்று ஆண்டில் முடிய வேண்டியது ஏன் நான்கு ஆண்டைத் தொட்டது என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கேள்விக்கு நம் தெருவிலும் சொந்தக்காரர்களிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: பொண்ணு கெட்டிக்காரிதான், ஆனால் கொஞ்சம் மெதுவு. அந்தப் பதிலை அவர்களுக்குக் கொடுத்தவன் நான். அது பொய்.

எனக்கு ஊட்டாமல் இருக்கத் தெரியாது. ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவன். சட்டி என்னிடம் வந்து சேரும்போது கரண்டி அடியைச் சுரண்டும் சத்தம்தான் கேட்கும். அந்தச் சத்தம் உன் காதில் விழவே கூடாது என்று நீ பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உன் அம்மா விடியுமுன் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிவிடுவாள். நான் அப்போது தெப்ராவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். ஆகவே அவள் திரும்பி வரும்வரை நீ என் பொறுப்பு. உன்னைத் தரையில் விட்டதே இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே துணி காயப்போடுவேன், வீடு கூட்டுவேன், மளிகைக் கடைக்குப் போய் வருவேன். ஒரு வாய் ஊட்ட மூன்று தெரு சுற்றுவேன். பதினெட்டு மாதம் ஆகியும் நீ நடக்கவில்லை. பயந்துபோய்க் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த தாதி, நாம் மிஸ்ஸி என்று கூப்பிடுவோமே, அவர் உன் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை காலுக்கு ஒன்னும் இல்ல. வைத்தியம் உங்களுக்குத்தான் பாக்கணும். இடுப்புலயே வச்சிருந்தா கால் எப்படிங்க பலமாகும்? கீழ விடுங்க லா" என்றார். கீழே விட்டேன். மூன்று வாரத்தில் எழுந்து நடந்தாய். நடந்த முதல் நடையே என்னை விட்டுப் பக்கத்து வீட்டு வாசலை நோக்கித்தான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

பிறகு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஆவியில் வைத்துக் கிருமி நீக்குவது, அலமாரியில் அடுக்குவது. இருபது ஆண்டு அதைச் செய்தேன். இடையில் ஆராய்ச்சி மாணவர்கள் ஊருக்குப் போகும்போது, அவர்கள் தட்டில் வளர்க்கும் செல்களுக்குப் பழைய உணவுக் கரைசலை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றவும் கற்றுக்கொண்டேன். என் கை நடுங்காது என்று பெயர். நீ அதே மாடிக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்த அன்று நான் அங்கே போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். சில பிள்ளைகள் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கும். நீ நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் நின்ற தோழியிடம், "இவர்தான் என் அப்பா. இந்த மாடியில எது எங்க இருக்குன்னு இவரக் கேட்டாத்தான் தெரியும்" என்று சொன்னாய். அன்றைக்கு நான் கழுவிய போத்தல்கள் மாதிரி பளபளப்பாக அதற்கு முன்பும் கழுவியதில்லை, பின்பும் கழுவியதில்லை.

நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று முதல் மாதமே சாப்பாட்டு மேசையில் கேட்டேன். அந்த வாரம் மாநகர் மன்றத்து லாரி எடுத்துப்போவதற்காக நம் பழைய அலமாரியை வாசலில் வைத்து, அதன்மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன். நீ அதைக் காட்டி, "அந்த அலமாரி மாதிரிதான்ப்பா" என்றாய். தசையாக மாறு என்று செல்லுக்கு உத்தரவு கொடுக்கும் புரதம் ஒன்று இருக்கிறதாம். ஒரு நொதி வந்து அதன்மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கை ஒட்டிவிடும். ஒட்டியாயிற்றென்றால் செல் அதை வேண்டாத பொருளாக எடுத்துக்கொண்டு சிதைத்துவிடும். இன்னொரு நொதி வந்து அந்தத் துணுக்கைக் கழற்றிவிட்டால் புரதம் பிழைக்கும், அதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும், செல் தசையாகும். புரதம் அதேதான். ஒட்டுவதும் கழற்றுவதும்தான் அதன் தலைவிதி. இந்தக் கழற்றும் நொதி இல்லாமல் போனால் தசை உருவாகுமா உருவாகாதா என்பதுதான் உன் ஆராய்ச்சி.

"ஒட்டற நொதி எப்பம்மா வேல செய்யும்?" என்று கேட்டேன்.

"சத்து நெறைய இருக்கறப்பப்பா. நல்ல சத்தா ஊத்திக்கிட்டே இருந்தா செல்லு பெருகிக்கிட்டேதான் இருக்கும், வேற ஒன்னும் ஆகாது. தசையாகணும்னா சத்தைக் கொறைக்கணும். அப்பத்தான் பெருகறத நிறுத்திட்டு, பக்கத்துல உள்ளதோட சேந்து நீள நாரா மாறும்."

"பட்டினி போடணும்னு சொல்லு."

"பட்டினி இல்லப்பா. கொறைக்கறது."

"ரெண்டும் ஒன்னுதான்" என்றேன். உன் அம்மா, "நல்லா காதுல வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். நான் காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

இரண்டாம் ஆண்டு தீபாவளி வாரத்தில் உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை வார்டில் சேர்த்தோம். இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. அந்த நிலையிலும் நீ தட்டுகளைப் பற்றித்தான் பேசினாய். மூன்று மாதம் உழைத்துத் தயார் செய்த தட்டுகள். பாதியில் அந்தக் கழற்றும் நொதியை மருந்தால் முடக்கியிருந்தாய், பாதியைச் சும்மா விட்டிருந்தாய். வெள்ளிக்கிழமை எல்லாவற்றுக்கும் சத்தைக் குறைக்க வேண்டும். உன் பேராசிரியை வெளிநாட்டில் இருந்தார், கூடப் படித்தவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல், ஊசி குத்தியிருந்த கையாலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாய்: 'அப்பா, வெள்ளி காலையிலிருந்து சிவப்பு டேப் ஒட்டிய போத்தல் மட்டும். பச்சை டேப் போத்தல் சத்து அதிகம். அதைத் தொட வேண்டாம்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. இதை மறந்துவிடாதே, கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ சொன்னபடியே சிவப்பு போத்தலிலிருந்து ஊற்றினேன். சனிக்கிழமை காலை போய் நுண்ணோக்கியில் பார்த்தேன். முந்தின நாள் கொழுகொழு என்று பரவியிருந்த செல்கள் ஒடுங்கிக் கிடந்தன. சில செத்து மேலே மிதந்தன. அங்கிருந்து வார்டுக்கு வந்தேன். நீ கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்தால் படையல் வேலை. தீபாவளிக்கு முதல் நாள் நம் வழக்கப்படி என் அப்பா அம்மாவுக்கு இலை போட்டேன். கோழி, மீன், பலகாரம், என் அப்பாவுக்குப் பிடித்த கறுப்புக் காப்பி. கும்பிட்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்துப்போனவர்களுக்கு இலை நிறையப் போடுகிறேன், பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் இறங்கவில்லை, அவள் வளர்க்கும் செல்லையும் நான் காயப்போடுகிறேன் என்று ஓடியது மனசு. புத்தியுள்ளவன் நினைக்கிற நினைப்பா அது? தெரியும். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையோடு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். குளிர்பெட்டியைத் திறந்தேன். சிவப்பு போத்தலை எடுக்கப் போன கை பச்சை போத்தலை எடுத்தது. தெரியாமல் எடுத்ததாக ஒருநாளும் சொல்ல மாட்டேன். உன் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. பண்டிகை நாளில் ஒரு உயிரையும் வயிறு காய விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, எல்லாத் தட்டுகளுக்கும் ஊற்றினேன். பிறகு குடுவையில் வைத்திருந்த மூலச் செல்களுக்கும் ஊற்றினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் அதையே செய்தேன். செல்கள் மறுபடி பரவின, பெருகின, தட்டு நிறைந்தது. உனக்கும் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. பார்த்தாயா, சாப்பாடு போட்டால் எல்லாம் சரியாகும் என்று உன் அம்மாவிடம் தத்துவம் வேறு பேசினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறினாய். தட்டுகளை வெளியே எடுத்தாய். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய கரைசல் மஞ்சளாகிக் கிடந்தது. நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாய். நெருக்கியடித்துக்கொண்டு செல்கள் இருந்தன, நாராக ஒன்றுகூட மாறவில்லை. நொதியை முடக்கிய தட்டும் முடக்காத தட்டும் ஒரே மாதிரி இருந்தன. மூலச் செல்களும் அளவுக்கு மீறி நெருங்கிப் போனதால் இனி அவை தசையாக மாறாது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ தலையைத் தூக்கி, "எந்த போத்தல்ப்பா குடுத்தீங்க?" என்று கேட்டாய்.

"சிவப்புதாம்மா. நீ எழுதின மாதிரியேதான்" என்றேன்.

நீ குளிர்பெட்டியைத் திறந்து ஒரு நிமிடம் உள்ளே பார்த்தபடி நின்றாய். மூடினாய். "சரிப்பா" என்றாய்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று நானே பல நாள் என்னைக் கேட்டிருக்கிறேன். அறுபது முடிந்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை மீறி ஒருவர் ஆராய்ச்சியில் கைவைத்தவனுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். மீதி வெட்கம். 'இவரக் கேட்டாத்தான் தெரியும்' என்று நீ சொன்ன ஆளாகவே உன் கண்ணில் இருக்க ஆசைப்பட்டேன்.

மூலச் செல்கள் மறுபடி வெளிநாட்டிலிருந்து வர, அனுமதிக் கடிதம், அது, இது என்று மாதங்கள் ஓடின. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாய். உன் உதவித்தொகை முடிந்தபோது பகுதி நேரமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாய். அந்தச் சமயத்தில்தான் லாயாங் லாயாங் ஊரில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் பெரியம்மா, "என்னடி, இன்னும் படிச்சு முடிக்கலையா? உன்கூட படிச்சதெல்லாம் ரெண்டு பிள்ள பெத்துருச்சு" என்று சத்தமாகக் கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "அவ கொஞ்சம் மெதுவு அண்ணி, எதையும் நிதானமாத்தான் செய்வா" என்று சொல்லிச் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற வாக்கியம் அதுதான். போத்தல் விஷயம் கூடப் பாசத்தில் செய்தது என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

இதற்குப் பிறகு நீ என்னிடம் முகம் சுளித்திருக்கலாம். சுளிக்கவில்லை. புதுச் செல்கள் வந்து, இரண்டாம் முறை சத்தைக் குறைத்த ஆறாவது நாள், கழுவும் அறைக்கே ஓடி வந்து, "ப்பா, கைய தொடைங்க, வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். தனித்தனியாக இருந்த செல்கள் வரிசையாக ஒன்று சேர்ந்து நீளமான நாராகியிருந்தன. ஒரு நார் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. யாரும் தொடாமல், தட்டில் கிடந்த ஒன்று தானாகத் துடித்ததைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பக்கத்துத் தட்டப் பாருங்க, அதுல அந்த நொதிய முடக்கியாச்சு" என்றாய். அதில் துடிப்பும் இல்லை, நாரும் இல்லை. நீ சொன்னது சரியாக இருந்தது. தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்தத் தட்டுகளை உன் பேராசிரியைக்குக் காட்டும் முன்பே எனக்குக் காட்டினாய். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன மாதம்தான் புரிந்தது. வேலையில் என் கடைசி வாரம். பழைய ஆராய்ச்சிக் குறிப்பேடுகளைப் பெட்டியில் அடுக்கிக் கிடங்குக்கு அனுப்பும் வேலையைக் கொடுத்தார்கள். உன் குறிப்பேடு கையில் வந்தது. தீபாவளி வாரத்துப் பக்கத்தைத் தேடித் திறந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். என் ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் அதைப் படிக்கப் போதுமானதாக இருந்தது. 'பச்சை போத்தலில் ஒரு விரல் அளவே மீதம். தவறான கரைசல் கொடுக்கப்பட்டிருக்கிறது. காரணம்: என் லேபிள் தெளிவாக இல்லை. பொறுப்பு என்னுடையது.' கீழே உன் கையெழுத்து.

பெட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளிர்பெட்டியின் முன் நீ நின்ற அந்த ஒரு நிமிடத்திலேயே எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் 'சரிப்பா' என்றாய். தெரிந்துதான் பெரியம்மாவின் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். தெரிந்துதான் முதல் துடிப்பை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அந்த டிசம்பரிலும் அடுத்தடுத்த டிசம்பர்களிலும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். நான் தலை நிமிர்ந்து அந்த மாடியில் நடந்தேன். நீ குனிந்ததால்தான் நான் நிமிர்ந்திருந்தேன் என்று தெரியாமல் நடந்தேன். உனக்கு நான் ஊட்டியதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும், நீ எனக்குச் செய்த இந்த ஒன்றுக்கு ஈடாகாது. நன்றி என்று பிள்ளையிடம் சொல்லும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது. இப்போது சொல்கிறேன். நன்றி, ம்மா. நீ என்னைக் காப்பாற்றினாய்.

ஆனாலும் அப்பாவாக ஒன்று சொல்லியாக வேண்டும், நீ கேட்காவிட்டாலும். போகிற இடத்தில் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதே. அங்கே உன்னோடு வேலை செய்பவர்கள் தப்புச் செய்தால் பொறுத்துக்கொள், சொல்லித் திருத்து, ஆனால் அவர்கள் தப்பின் கீழே உன் கையெழுத்தைப் போடாதே. அது ஒரு ஆளுக்குத்தான் செய்யலாம். அந்த ஆளுக்குச் செய்தாயிற்று.

விஷயத்தை அன்று மாலையே உன் அம்மாவிடம் சொன்னேன். பஸ்ஸில் வந்த களைப்போடு கேட்டுக்கொண்டிருந்தவள், கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "அவளுக்கு எங்கிட்ட இருந்து அழுத்தமான மனசு வந்துருக்கு. நல்லவேள, உங்ககிட்ட இருந்து வாய் வரல" என்றாள். பிறகு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள். மறுநாள் உன் பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டினேன். நீ எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் போனேன். மூன்று ஆண்டாக அது என் பர்ஸில்தான் இருந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளில் இருந்த தமிழை என்னைப் படித்து விளக்கச் சொன்னார். 'தொட வேண்டாம்' என்பதன் கீழே இருந்த இரண்டு கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். மாமா என்று மலாயில் அழைத்து, "பாக் சிக், அந்தத் தட்டுகளின் முடிவு எந்தக் கட்டுரையிலும் போகவில்லை. மறுபடி செய்ததுதான் போனது. ஆகவே உங்கள் மகளுக்கு இதனால் ஒரு குறையும் வராது" என்றார். "அப்படியென்றால் குறிப்பேட்டில் திருத்த முடியுமா?" என்று கேட்டேன். அவர் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

அங்கே திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது, உனக்குத் தெரியாததல்ல. அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தவறான வரியின்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். 'என் லேபிள் தெளிவாக இல்லை' என்ற வரியின்மேல் கோடு போட்டேன். பக்கத்தில், 'லேபிள் தெளிவாக இருந்தது. தெரிந்தே பச்சை போத்தலைக் கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் தாளை அங்கேயே ஒட்டினேன். ஒரே கோடுதான் என்பதால் நீ எழுதியதையும் இன்னும் படிக்க முடியும். அதைப் படிக்க முடியாமல் செய்ய எனக்கு மனசு வந்திருக்காது.

குறிப்பேடு கிடங்குக்குள் போய்விடும். பெரியம்மா அதைத் திறக்கப் போவதில்லை, நம் தெருக்காரர்களும் திறக்கப் போவதில்லை. அவர்கள் கையில் கிடைக்கப் போவது சங்கத்து மலர்தான். அதனால்தான் இதை மலருக்கே கொடுத்துவிடலாம் என்று எழுதினேன். இதற்கு மேலே உள்ளதை எழுதி முடித்து மடித்து, செயலாளர் வீட்டுக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டபோது உன் அம்மா கேட்டாள்: "அவளக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா" என்றேன்.

"அன்னிக்கும் அவ வேணாம்னுதான் எழுதிக் குடுத்தா."

செருப்பைக் கழற்றிவிட்டேன். மூன்று ஆண்டில் கற்றுக்கொள்ளாததை அந்த ஒரு வார்த்தையில் கற்றுக்கொண்டேன். ஆகவே இதை முதலில் உன்னிடம்தான் தருகிறேன். நிதானமாகப் படி. அவசரமில்லை, உன் விமானம் அடுத்த புதன்தான். உனக்குச் சம்மதம் என்றால் என்னிடம் திருப்பிக் கொடு, மலருக்குக் கொடுக்கிறேன். இது அச்சில் வந்து யாராவது படித்தால், நீ சரி என்று சொன்ன பிறகுதான் வந்தது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். வேண்டாம் என்றால், முதல் பக்கத்தின்மேல் ஒரே ஒரு கோடு போட்டு வை, காரணம்கூட எழுத வேண்டாம்.

இந்த முறை நீ எழுதியபடியே செய்வேன்.

அப்பா